ஐம்பது ஆண்டுக் கணக்கு

2023 மே 31 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி குன்றின் மேல் ‘கோரி’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை. 2016 நவம்பரில் உலகின் முதல் ஐநூறு கணினிகளின் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த இயந்திரம் அது. ஏழு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. ஆனால் அதே மின்சாரத்துக்குப் பல மடங்கு கணக்குப் போட்டுத் தரும் ‘பெர்ல்மட்டர்’ அதே கூடத்தில் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பிறகும் கோரிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை. கழற்றி அனுப்பிவிட்டார்கள்.

சூப்பர் கம்ப்யூட்டரின் ஆயுள் இவ்வளவுதான். ஐந்தாறு ஆண்டு, மிஞ்சினால் ஏழு. ஆனால் கோரியை வைத்திருந்த நிறுவனத்துக்கு 2024-ல் ஐம்பது வயது நிறைந்தது. தேசிய எரிசக்தி ஆராய்ச்சி அறிவியல் கணிப்பு மையம் என்பது அதன் முழுப்பெயர். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அதை ‘நெர்ஸ்க்’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் பணத்தில் இயங்குவது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளை அங்கே அனுப்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

சூப்பர் கம்ப்யூட்டர் பற்றிய செய்தி என்றாலே ‘உலகிலேயே வேகமானது’, ‘இத்தனை பெட்டாஃப்ளாப்’ என்ற தலைப்புகள்தான் கண்ணில் படுகின்றன. இந்த ஐம்பது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தெளிவாகிறது. வேகம் ஐந்தாண்டில் பழசாகிவிடுகிறது. பழசாகாமல் நின்றவை வேறு: வரிசையை நியாயமாக நடத்தும் விதிகள், பழைய நிரலைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றித் தரும் ஆட்கள், முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த தரவைக் காக்கும் கிடங்கு. நெர்ஸ்க் கொண்டாடப்பட வேண்டியது இவற்றுக்காகத்தான்.

இரவல் இயந்திரத்தில் தொடக்கம்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அணுக்கரு இணைவு ஆராய்ச்சி சூடுபிடித்திருந்தது. சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் ஒரு கலத்துக்குள் நடத்திக்காட்ட வேண்டும். ஹைட்ரஜனைப் பல கோடி டிகிரிக்குச் சூடாக்கி, காந்தப்புலத்தால் கட்டிப்பிடித்து வைத்து, அதிலிருந்து ஆற்றல் எடுக்க வேண்டும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது இந்தக் கனவின் அவசரம் இன்னும் கூடியது.

சிக்கல் என்னவென்றால், அவ்வளவு சூடான வாயு, அதாவது பிளாஸ்மா, காந்தப்புலத்துக்குள் அடங்கி உட்காராது. நெளியும், கொந்தளிக்கும், எதிர்பாராத இடத்தில் பிய்த்துக்கொண்டு வெளியேறும். அதன் போக்கைச் சொல்லும் சமன்பாடுகள் தெரிந்தவைதான். ஆனால் கையால் தீர்க்க முடியாது. அதைத் தீர்க்கும் திறன் கொண்ட கணினிகள் அணு ஆயுத ஆய்வகங்களில், பாதுகாப்பு வேலிக்கு உள்ளே இருந்தன. பிரின்ஸ்டனில் உட்கார்ந்து டோகமாக் என்ற காந்தக் கலத்தை ஆராயும் ஒருவர் அங்கே எளிதில் நுழைய முடியாது.

அப்போது அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் இணைவு ஆராய்ச்சிப் பிரிவில் பொறுப்பில் இருந்தவர் ஆல்வின் டிரைவல்பீஸ் என்ற பிளாஸ்மா இயற்பியலாளர். நாடெங்கும் உள்ள இணைவு விஞ்ஞானிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணினி மையம் வேண்டும் என்று முயன்று அதை நடத்திக்காட்டியவர் அவர். 1974-ல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் மையம் பிறந்தது. முதல் இயக்குநர் ஜான் கில்லீன்.

கையில் கிடைத்தது இரவல் இயந்திரம். சீமோர் க்ரே வடிவமைத்த சிடிசி 6600, அதிலும் வரிசை எண் 1. 1964-ல் வெளிவந்தபோது உலகிலேயே வேகமான கணினி அதுதான். பத்து ஆண்டு கழித்து லிவர்மோர்காரர்கள் கைகழுவிய பழைய சரக்கு. நொடிக்குச் சுமார் 30 லட்சம் கணக்குகள் போடும். தூரத்து விஞ்ஞானிகள் தொலைபேசிக் கம்பி வழியே அதனுடன் பேசினார்கள். அடுத்த ஆண்டே சிடிசி 7600 வந்தது. பிரின்ஸ்டன், ஓக் ரிட்ஜ், லாஸ் அலமாஸ், சான் டியாகோவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் ஆகிய இடங்களுக்குத் தனித் தரவுக் கம்பிகள் போடப்பட்டன. இணையம் என்ற ஒன்று பொதுமக்கள் காதில் விழுவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, நாட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து மறு மூலையில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது இவர்களுக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. இணைவு விஞ்ஞானிகளுக்கென்று போட்ட அந்த வலைப்பின்னல்தான் 1986-ல் துகள் இயற்பியலாளர்களின் வலையோடு சேர்ந்து, இன்று எரிசக்தித் துறை ஆய்வகங்களை எல்லாம் இணைக்கும் ‘ஈஎஸ்நெட்’ ஆனது.

1978-ல் க்ரே-1 வந்தது. வட்டமாக நிற்கும் கோபுரம், அதைச் சுற்றி உட்காரும் இருக்கை போன்ற அடிப்பகுதி, உள்ளே ஆயிரக்கணக்கான கம்பிகள். உச்ச வேகம் நொடிக்கு 16 கோடிக் கணக்கு. ஆனால் அதோடு வந்த இயக்கமுறை பேட்ச் வகையைச் சேர்ந்தது. வேலையைக் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் எங்கே தப்பு என்று தெரியும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானிக்கு இது ஒத்துவராது என்று மையத்தின் நிரலாளர்கள் நினைத்தார்கள். லிவர்மோரில் முன்பே புழங்கிய இயக்கமுறையை க்ரேவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்கள். ‘சிடிஎஸ்எஸ்’ என்று பெயர். பலர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, தங்கள் நிரல் ஓடுவதைப் பார்த்தபடியே வேலை செய்யலாம். இயந்திரம் நடுவில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1980-களின் நடுவில் சான் டியாகோவிலும் இல்லினாயிலும் பல்கலைக்கழகங்களுக்கான சூப்பர் கம்ப்யூட்டர் மையங்கள் திறந்தபோது அவர்களும் இதையே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இயந்திரத்தை விற்றவர் தராததை வாங்கியவர்களே செய்துகொண்ட இந்தப் பழக்கம் அங்கே இன்று வரை விடவில்லை.

1985-ல் க்ரே-2. நான்கு செயலிகள் கொண்ட முதல் முழு இயந்திரம் இந்த மையத்துக்குத்தான் வந்தது. சூட்டைத் தணிக்க மின்சுற்றுகளை ஃப்ளோரினெர்ட் என்ற நிறமற்ற திரவத்துக்குள் அப்படியே மூழ்கவைத்திருந்தார்கள். அது மின்சாரம் கடத்தாத திரவம். கண்ணாடி போன்ற சுவருக்குப் பின்னால் அது குமிழ்விட்டபடி ஓடுவதைப் பார்வையாளர்கள் நின்று ரசிப்பார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1983-ல், மையத்தின் கதவு மற்றத் துறைகளுக்கும் திறந்துவிட்டிருந்தது. வேதியியல், பொருள் அறிவியல், தட்பவெப்பம், துகள் இயற்பியல் என்று எல்லோரும் வந்தார்கள். 1990-ல் பெயரும் அதற்கேற்ப மாறியது. 1996-ல் லிவர்மோரை விட்டு பெர்க்லி ஆய்வகத்துக்கு இடம்பெயர்ந்தது. ஹோர்ஸ்ட் சைமன் பொறுப்பேற்றார். உலக ஐநூறு கணினிப் பட்டியலைத் தயாரிப்பவர்களில் அவரும் ஒருவர்.

வானம் உள்ளே வந்தது

பெர்க்லிக்கு வந்ததும் பெரிதாக வாசல் திறந்தது வானியலுக்கு. அதுவரை வானியல் என்றால் தொலைநோக்கி, கரும்பலகை, சுண்ணக்கட்டி. சூப்பர் கம்ப்யூட்டருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதே குன்றில் சால் பெர்ல்மட்டர் தலைமையிலான குழு ஒன்று தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, தேடிக்கொண்டிருந்தது.

அவர்கள் தேடியது ‘ஒன்று-ஏ’ வகைச் சூப்பர்நோவா. இதன் வேர் ஒரு தமிழரின் கணக்கில் இருக்கிறது. 1930-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்தின்போது காகிதத்தில் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன், ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் தாங்காது என்று கண்டார். அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அந்த எல்லையை நெருங்கும் வெள்ளைக் குள்ளன் வெடிக்கும்போது, வெடிப்பின் பிரகாசம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது. உண்மையான பிரகாசம் தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் மங்கலை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் ‘ஏறக்குறைய’ என்பது போதாது. வழியில் தூசி மறைத்ததா? பழங்கால விண்மீன்கள் வேறு மாதிரி வெடித்தனவா? இந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தள்ள, வெடிப்பின் ஒளிநிறமாலை எப்படி இருக்க வேண்டும் என்று கணினியில் உருவாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நெர்ஸ்கில் அப்போது ஓடிய இயந்திரம் க்ரே டி3இ. மேரி கியூரியின் நினைவாக ‘எம்கியூரி’ என்று பெயரிட்டிருந்தார்கள். 42 சூப்பர்நோவாக்களின் தரவை வைத்து, பிழைக்கணக்கை மேலும் மேலும் இறுக்கிப் பார்த்தபோதும் விடை மாறவில்லை. பேரண்டம் விரிவது மட்டும் இல்லை, விரியும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. 1998-ல் பெர்ல்மட்டரின் குழுவும் இன்னொரு போட்டிக் குழுவும் தனித்தனியாக இதே முடிவை அறிவித்தன. 2011-ல் பெர்ல்மட்டர் உள்ளிட்டோருக்கு இயற்பியல் நோபல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 2021 மே மாதம் நெர்ஸ்க் திறந்த இயந்திரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

2011 ஆகஸ்டில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலமார் மலையில் 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இரவு முழுக்க வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்த படங்கள் நுண்ணலை வழியாக மலையிலிருந்து இறங்கி, ஈஎஸ்நெட்டில் ஏறி, வடக்கே நெர்ஸ்குக்கு வந்தன. அங்கே ஒரு நிரல், அதே இடத்தின் பழைய படத்தைப் புதிய படத்திலிருந்து கழித்தது. மாறாத விண்மீன்கள் எல்லாம் மறைந்துவிட, புதிதாக முளைத்தவை மட்டும் மிஞ்சின. அவற்றிலும் பெரும்பாலானவை குப்பை. காஸ்மிக் கதிர், செயற்கைக்கோள், கருவியின் குறை. எது உண்மை, எது போலி என்று தரம்பிரிக்க இயந்திரக் கற்றல் முறையில் பயிற்றுவித்த இன்னொரு நிரல். இதெல்லாம் படம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 24 அன்று அந்தச் சல்லடையில் ஒரு புள்ளி தங்கியது. எம்101 என்ற விண்மீன் கூட்டத்தில், 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில். பெர்க்லியில் பீட்டர் நியூஜென்ட் அதைப் பார்த்தவுடன் மற்றத் தொலைநோக்கிகளுக்குச் செய்தி பறந்தது. அன்றிரவே கானரித் தீவில் இருந்த தொலைநோக்கி அதன் நிறமாலையைப் பிடித்தது. பிறகு கலிஃபோர்னியாவின் லிக், ஹவாயின் கெக். ஒன்று-ஏ வகைதான். பின்னோக்கிக் கணக்கிட்டதில், வெடித்துப் பதினொரு மணி நேரத்தில் அதன் ஒளி பிடிபட்டிருந்தது. அந்த வகைச் சூப்பர்நோவாவை அவ்வளவு சீக்கிரம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. வெடித்தது கார்பனும் ஆக்சிஜனும் கொண்ட வெள்ளைக் குள்ளன்தான் என்பதற்கு நேரடி ஆதாரம் அப்போதுதான் கிடைத்தது. அடுத்த இரவு வரை காத்திருந்திருந்தால் அந்த ஆதாரம் கை நழுவியிருக்கும்.

வானியலில் இப்படி இன்னும் பல. 1998 டிசம்பர் முதல் அடுத்த மாதம் வரை அண்டார்டிகாவைச் சுற்றிப் பறந்த ‘பூமராங்’ பலூன் கொண்டுவந்த நுண்ணலைத் தரவை எம்கியூரி மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொடுத்தது. அக்கால மேசைக் கணினிக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு ஆகியிருக்கும். பேரண்டத்தின் வெளி வளைவில்லாமல் தட்டையானது என்ற முடிவு அதிலிருந்து வந்தது. சீனாவின் தயா பே அணு உலைகளுக்குப் பக்கத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடித்த கருவிகளின் தரவும் பசிபிக்கைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. இன்று அரிசோனாவின் கிட் பீக் மலையில் ‘டெஸி’ கருவியின் ஐயாயிரம் ரோபோக் கைகள் ஒளியிழைகளை விண்மீன் கூட்டங்களின் மேல் குறிவைக்கின்றன. இரவுத் தரவு பெர்க்லிக்கு வந்து, காலையில் விஞ்ஞானிகள் எழும்போது விடையாக நிற்கிறது. பேரண்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுக் குறைகிறதோ என்ற பெரும் கேள்வியை 2024-லும் 2025-லும் எழுப்பியது இந்த டெஸிதான். இன்னும் உறுதியாகவில்லை.

பிறந்த வீட்டையும் மறக்கவில்லை. 1998-ல் பிரின்ஸ்டனின் பிளாஸ்மாக் குழு ஒன்று இதே டி3இ இயந்திரத்தில் டோகமாக்கின் கொந்தளிப்பை உருவகப்படுத்தியது. பிளாஸ்மாவுக்குள் கொந்தளிப்பு தானாகவே பட்டை பட்டையாக ஓட்டங்களை உண்டாக்குகிறது, அந்த ஓட்டங்கள் திரும்பி வந்து கொந்தளிப்பையே வெட்டி அடக்குகின்றன என்று காட்டியது. வெப்பம் ஏன் கணித்த அளவுக்கு வெளியே கசிவதில்லை என்ற நெடுநாள் புதிருக்கு அது ஒரு முக்கிய விடை. இருபத்துநான்கு ஆண்டு முன்பு மையத்தைத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்வியும் இதுதானே!

ஆட்களின் கதை

டி3இ வந்ததன் பின்னால் ஒரு பெரிய வேதனை இருந்தது. க்ரே-1 காலத்து நிரல்கள் ஒன்றிரண்டு பலம் வாய்ந்த செயலிகளை நம்பி எழுதப்பட்டவை. 1990-களில் காற்று மாறியது. விலை மலிந்த சாதாரணச் செயலிகளை நூற்றுக்கணக்கில் கோத்தால் க்ரேவை மிஞ்சலாம் என்றானது. ஆனால் இருபது ஆண்டு உழைப்பில் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல் அதில் அப்படியே ஓடாது. வேலையைத் துண்டு போட்டு, ஒவ்வொரு செயலிக்கும் பங்கு பிரித்து, அவை ஒன்றோடொன்று பேசும் வழியையும் எழுத வேண்டும். பல விஞ்ஞானிகள் கோபப்பட்டார்கள். அவர்களுக்கு இயற்பியல் தெரியும். இந்த வேலை தெரியாது.

மையத்தின் ஆலோசகர்கள் என்ற ஒரு வர்க்கம் இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டியது. விஞ்ஞானம் படித்தவர்கள், ஆனால் அடுத்தவர் நிரலுக்குள் இறங்கி, எங்கே நேரம் வீணாகிறது என்று தேடிப்பிடிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள். இவர்கள் பெயர் நோபல் அறிவிப்பில் வராது. பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றி மட்டும் வரும்.

கோரி வந்தபோது அதே வேதனை மறுபடி வந்தது. அதன் பெரும்பகுதியில் இன்டெல்லின் ‘நைட்ஸ் லேண்டிங்’ சிப். ஒரு சிப்புக்குள் 68 கோர், அதாவது சிறு செயலிகள். ஒவ்வொன்றும் பழையதைவிட மெதுவானது. கைதேர்ந்த ஒரு சமையற்காரருக்குப் பதிலாகக் கல்யாணப் பந்திக்கு அறுபத்தெட்டு உதவியாளர்களை அனுப்பியதுபோல: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை பிரித்துக் கொடுக்கத் தெரிந்தால் பந்தி சீக்கிரம் முடியும், தெரியாவிட்டால் பழைய ஆளே மேல். இதை முன்கூட்டியே உணர்ந்த மையம், சுமார் இருபது முக்கிய நிரல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எழுதியவர்களையும் தன் ஆட்களையும் சிப் தயாரித்தவர்களையும் ஒன்றாக உட்காரவைத்தது. இயந்திரம் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. அங்கே கற்ற பாடம் பெர்ல்மட்டரின் கிராஃபிக்ஸ் சிப்களுக்கு மாறும்போதும் கைகொடுத்தது.

இயந்திரம் வாங்கும் முறையிலும் இந்த மனப்பான்மை தெரிகிறது. ஐநூறு கணினிப் பட்டியல், ‘லின்பேக்’ என்ற ஒரே ஒரு கணக்கை எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்று பார்த்து வரிசைப்படுத்துகிறது. நெர்ஸ்க் வாங்கும்போது, தன் பயனாளர்கள் உண்மையில் ஓட்டும் நிரல்களின் தொகுப்பை விற்பனையாளரிடம் கொடுத்து, இவற்றை எவ்வளவு வேகமாக, தொடர்ந்து ஓட்டிக்காட்டுவாய் என்று கேட்கிறது. பட்டியலில் முதலிடம் நெர்ஸ்குக்குப் பெரிய இலக்காக இருந்ததே இல்லை. பல நாடுகள் முதலிடத்துக்காகக் கோடிக்கணக்கில் கொட்டுவதைப் பார்க்கும்போது, இந்த அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கணினி நேரத்தைப் பங்கிடும் விதமும் அப்படியே. பெரும்பகுதி, சுமார் 80 சதவீதம், எரிசக்தித் துறையின் அறிவியல் பிரிவுகள் தங்கள் ஆய்வுத் திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. மீதி, போட்டி முறையிலும் இயக்குநரின் விருப்ப ஒதுக்கீட்டிலும் போகிறது. திறந்த அறிவியலுக்குக் கட்டணம் கிடையாது. முடிவை வெளியிட வேண்டும், அவ்வளவுதான். ஒதுக்கீடு கிடைத்தவர் தன் வேலையை வரிசையில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆயிரம் ‘நோட்’, அதாவது தனிக் கணினி அலகுகள், கேட்கும் தட்பவெப்ப மாதிரியும், ஒரே நோட்டில் ஒரு மின்கலப் பொருளின் அணு அமைப்பைக் கணக்கிடும் மாணவியின் வேலையும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. அந்த அணு அமைப்பைக் கணக்கிட வியன்னாவில் பிறந்த ‘வாஸ்ப்’ நிரல் பெரும்பாலும் பயன்படுகிறது. நெர்ஸ்கில் மிக அதிகம் ஓடும் நிரல்களில் அதுவும் ஒன்று. கிறிஸ்டின் பெர்சன் 2011-ல் தொடங்கிய ‘மெட்டீரியல்ஸ் புராஜெக்ட்’ இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பண்புகளைக் கணக்கிட்டு, உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

பிளவுக்கோட்டின் மேல் ஒரு கட்டடம்

2000 முதல் பதினைந்து ஆண்டுகள் இயந்திரங்கள் ஓக்லண்ட் நகரின் நடுவே பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் இருந்தன. 2015-ல் பெர்க்லிக் குன்றில் சொந்தக் கட்டடம் எழுந்தது. ஷை வாங் கூடம் என்று பெயர். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து ஆண்டு முழுக்கக் குளிர்ந்த காற்று அந்தக் குன்றின் மேல் ஏறி வரும். அதனால் குளிர்சாதன இயந்திரம் வைக்காமலே கட்டிவிட்டார்கள். வெளிக்காற்றை உள்ளே விட்டும், கோபுரங்களில் நீர் ஆவியாவதால் குளிரும் தண்ணீரைச் சுற்றவிட்டும் சூட்டைத் தணிக்கிறார்கள். இயந்திரத்தின் சூடு அலுவலக அறைகளைக் கதகதப்பாக்குகிறது. மெகாவாட் கணக்கில் மின்சாரம் குடிக்கும் இயந்திரத்துக்கு இது சின்ன சேமிப்பு இல்லை. பெர்ல்மட்டர் 2021-ல் நொடிக்குச் சுமார் 64 ஆயிரம் லட்சம் கோடிக் கணக்குகள் போட்டு உலகில் ஐந்தாம் இடம் பிடித்தபோது, அதற்குச் செலவான மின்சாரம் ஏறக்குறைய 2.5 மெகாவாட்.

குன்றின் அடிவாரத்தில் ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவுக்கோடு ஓடுகிறது. பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியிலேயே போகிறது. ஆகவே கணினிக் கூடத்தின் தரையே தனியாக, நிலம் அசைந்தால் தான் அசையாமல் நழுவிக்கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. காட்டுத்தீ பயம் வேறு. 2019 அக்டோபரில் பலத்த காற்றடித்தபோது மின்கம்பிகளால் தீப்பிடித்துவிடும் என்று மின் நிறுவனம் முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டித்தது. மையம் இயந்திரங்களை ஒழுங்காக நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

குளிர்ந்த வெளிக்காற்று ஒரு இடத்தில் மட்டும் இடறியது. தரவுக் கிடங்கில். பல நூறு பெட்டாபைட் தரவு இன்றும் காந்த நாடாவில்தான் இருக்கிறது. வட்டைவிட மலிவு, படிக்காதபோது மின்சாரம் வேண்டாம். ஆனால் நாடாவுக்கு ஈரப்பதம் ஏறி இறங்கக் கூடாது. விரிகுடாக் காற்றோ காலையில் ஈரம், மதியம் வறட்சி. கடைசியில் தானே குளிரும் ஈரப்பதமும் பார்த்துக்கொள்ளும் மூடிய நாடா நூலகங்களை வாங்கி, ஓக்லண்டில் இருந்த பழைய நாடாக்களின் தரவை நெட்வொர்க் வழியாகவே புதிய நாடாக்களுக்கு நகலெடுத்தார்கள். நாடா ரகமும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். மாறும்போதெல்லாம் எல்லாத் தரவையும் ஒருமுறை படித்து மறுபடி எழுத வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாத இந்த வேலை நிற்பதே இல்லை. ஒரு விஞ்ஞானி பத்து ஆண்டுக்கு முன் முடித்த உருவகப்படுத்தலின் தரவைக் கேட்கும்போது, அது வந்துவிடும் என்ற நம்பிக்கை இதனால்தான்.

நமக்கு இதில் என்ன

1980-களில் க்ரே இயந்திரம் கேட்ட இந்தியாவுக்கு, வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஒன்றைக் கொடுத்தது அமெரிக்கா. அந்த நெருக்கடியில் 1988-ல் பிறந்த சி-டேக் என்ற அரசு கணினி ஆய்வு நிறுவனம், 1991-ல் ‘பரம் 8000’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்துகாட்டியது. அது பெருமைப்பட வேண்டிய வரலாறு. 2015-ல் தொடங்கிய தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் நாடெங்கும் கல்வி நிறுவனங்களில் இயந்திரங்கள் வந்தன. 2022-ல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளாப் திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற இயந்திரம் வந்தது.

இவற்றைத் திறக்கும் விழாக்களில் வேகத்தைச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. இந்த இயந்திரம் பழசாகும் நாளில் இதில் எழுதிய நிரல்கள் எங்கே போகும்? தரவு எங்கே போகும்? மதுரையிலோ நாகர்கோவிலிலோ ஒரு கல்லூரியில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி தன் நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டால், பதில் சொல்ல முழுநேர ஆள் இருக்கிறாரா? அப்படி ஆட்களை நிரந்தர வேலையில் வைத்து, அவர்களுக்கு விஞ்ஞானிக்குரிய மரியாதையும் பதவி உயர்வும் கொடுக்க நம் நிறுவன விதிகளில் இடம் இருக்கிறதா? இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது டௌட்னா

2025 மே மாதம் அடுத்த இயந்திரம் அறிவிக்கப்பட்டது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக 2020-ல் நோபல் பெற்ற பெர்க்லி விஞ்ஞானி ஜெனிஃபர் டௌட்னாவின் பெயர். டெல் நிறுவனம் கட்டுகிறது, என்விடியாவின் ‘வேரா ரூபின்’ சிப்கள். 2026-ல் வர வேண்டியது. பெர்ல்மட்டரைப் போல் பத்து மடங்குக்கும் மேல் அறிவியல் வேலை செய்யும் என்கிறார்கள்.

இந்த முறை மாற்றம் சற்று ஆழமானது. செயற்கை நுண்ணறிவுக்காகச் செய்யப்படும் சிப்களுக்கு எண்ணின் துல்லியம் பெரிதில்லை. பதினாறு பிட்டில், எட்டு பிட்டில், அதற்கும் குறைவாகக்கூட எண்ணை எழுதிப் பெருக்குகின்றன. முதல் சில இலக்கம் சரியாக இருந்தால் போதும், அதனால்தான் அவ்வளவு வேகம். விஞ்ஞானக் கணக்கு அப்படி இல்லை. பிளாஸ்மாவின் ஓட்டத்தைக் கோடி கோடிப் படிகளாக முன்னே தள்ளும்போது ஒவ்வொரு படியிலும் சேரும் சிறு பிழை பெருகிவிடும். அதற்கு அறுபத்துநான்கு பிட், அதாவது பதினைந்து பதினாறு இலக்கத் துல்லியம் வேண்டும். சிப் செய்பவர்களுக்கு இன்று பெரிய சந்தை வேறு பக்கம். விஞ்ஞானிகள் சின்ன வாடிக்கையாளர்கள்.

ஆகவே பெர்க்லியில் இப்போது நடக்கும் வேலை, நிரல் நிரலாக உட்கார்ந்து சோதிப்பது: எந்தப் படியில் துல்லியத்தைக் குறைத்தாலும் விடை மாறாது, எந்தப் படியில் முழுத் துல்லியம் இல்லாமல் முடியாது, எந்தப் பகுதிக்குக் கணக்குப் போடுவதற்குப் பதிலாகப் பயிற்றுவித்த வலைப்பின்னலை வைக்கலாம். இயந்திரம் வருவதற்குள் முடிக்க வேண்டும். சோதிக்கப்படும் நிரல்களில் டோகமாக் கலத்துக்குள் பிளாஸ்மா எப்படி நெளிகிறது என்று கணக்கிடுபவையும் உண்டு.